பழி துடைக்க வந்த பேய்

விசாரணை அறிக்கையைத் திருத்தச் சொல்லி மன்றாடிய பேய் ஒன்று உண்டென்றால், அது ஸ்காட்லாந்தின் மான்ட்ரோஸ் விமானத் தளத்துப் பேய்தான். அது காவு கேட்கவில்லை. புதையலைக் காட்டவில்லை. யாரையும் அடித்துப் போடவும் இல்லை. 1916-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அதிகாரிகளின் மெஸ் அருகே நடமாடியது, படுத்திருந்தவர்களின் கால்மாட்டில் வந்து உட்கார்ந்தது, யாரென்று அதட்டினால் காணாமல் போனது. லண்டனில் அறிக்கை மாறியதும், 1917 ஜனவரியில் கடைசியாக ஒருமுறை தலைகாட்டிவிட்டுப் போய்விட்டது. கதை இப்படித்தான் சொல்லப்படுகிறது. பேயை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். அந்த அறிக்கையும், அதில் சம்பந்தப்பட்ட உடைந்த இறக்கையும் மட்டும் கற்பனை இல்லை.

மான்ட்ரோஸ், ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் வட கடலைப் பார்த்தபடி இருக்கும் சின்ன ஊர். பிரிட்டனின் முதல் போர்ப் பயன்பாட்டு விமானத் தளம் 1913-இல் அங்கேதான் அமைந்தது. கடற்படைத் தளங்களைக் காக்க வடக்கே விமானங்கள் வேண்டும் என்று ராணுவம் முடிவுசெய்ய, ராயல் ஃப்ளையிங் கோர்ப்ஸின் 2-ஆம் படையணி அந்த பிப்ரவரியில் தெற்கே ஃபார்ன்பரோவிலிருந்து கிளம்பியது. ஐந்து விமானங்கள். மரச்சட்டம், அதன்மேல் இழுத்துக் கட்டிய துணி, முறுக்கிய கம்பிகள். அன்றைய விமானம் என்றால் அவ்வளவுதான். பனிமூட்டத்தில் வழி தவறி, கண்ட கண்ட வயல்களில் இறங்கி விசாரித்து, மாதக் கடைசியில் ஒருவழியாக வந்து சேர்ந்தார்கள். படையணித் தலைவர் மேஜர் சார்லஸ் பர்க், அயர்லாந்துக்காரர். அவர் காலத்தில் எழுப்பிய விமானக் கொட்டகைகள் இன்றும் நிற்கின்றன.

அந்தப் படையணியில் இன்னொரு ஐரிஷ்காரரும் இருந்தார்: லெப்டினன்ட் டெஸ்மண்ட் ஆர்தர், கிளேர் கவுண்டியைச் சேர்ந்தவர். 1913 மே 27 காலையில் பி.இ.2 ரக விமானத்தில் வழக்கமான பயிற்சிக்குப் போனார். சுமார் 2,500 அடி உயரத்திலிருந்து வட்டமடித்தபடி இறங்கி வரும்போது வலது இறக்கை மடங்கிப் போயிற்று. ஆர்தர் இருக்கையிலிருந்து தூக்கி எறியப்பட்டார். விமானம் ஒரு பக்கம் விழ, அவர் தனியே விழுந்தார். அப்போது பாராசூட் கொடுக்கும் வழக்கமே கிடையாது. ஸ்காட்லாந்து மண்ணில் நேர்ந்த முதல் விமான உயிர்ப்பலி என்று இதைக் குறிப்பிடுகிறார்கள். மான்ட்ரோஸின் ஸ்லீப்பிஹில்லாக் கல்லறைத் தோட்டத்தில் அவரைப் புதைத்தார்கள்.

துணிக்கு அடியில் ஓர் ஒட்டு

விபத்தை விசாரித்தது ராயல் ஏரோ கிளப்பின் குழு. அன்றைக்கு விமான விபத்து விசாரணை என்பதே புதுசு. உடைந்த இறக்கையைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. நுனிப் பக்கம் மரச்சட்டம் முன்பே ஒருமுறை உடைந்திருக்கிறது. உடைந்த இரண்டு முனைகளையும் சீவி, ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து யாரோ ஒட்டியிருக்கிறார்கள். தச்சு வேலை தெரிந்தவர் பார்த்தால் முகம் சுளிக்கும் ஒட்டு. அதன்மேல் புதுத் துணியைப் போர்த்தி, வெளியே எதுவும் தெரியாதபடி மூடிவிட்டார்கள். பழுதுபார்த்ததாக எந்தப் பதிவும் இல்லை, யார் கையெழுத்தும் இல்லை. இறக்கையை உடைத்தவர், தண்டனைக்குப் பயந்து தானே ஒட்டி மறைத்திருக்க வேண்டும் என்பது குழுவின் முடிவு. அந்த ஒட்டோடுதான் விமானம் பறந்துகொண்டிருந்தது. விழும் நாளில் ஏறி உட்கார்ந்தவர் ஆர்தர், அவ்வளவுதான் அவர் செய்த பிழை.

ஓட்டியவர்மேல் குற்றமில்லை என்று விஷயம் அதோடு முடிந்திருக்க வேண்டியது. முடியவில்லை. மூன்றாண்டு கழித்து, உலகப் போர் நடுவில், அது அரசியலாயிற்று.

1916 மார்ச்சில் நோயல் பெம்பர்டன் பில்லிங் என்பவர் இடைத்தேர்தலில் ஜெயித்து நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தார். பின்னாளில் ஸ்பிட்ஃபயர் விமானத்தைத் தயாரித்த சூப்பர்மரீன் கம்பெனிக்கு மூல வித்தாக இருந்த தொழிற்சாலையைத் தொடங்கியவர் இவர்தான். வாய் நீளம். வந்த மாதமே, விமானப் படை அதிகாரிகள் பலர் போரில் சாகவில்லை, மோசமான விமானங்களைக் கொடுத்துக் கொலை செய்யப்பட்டார்கள் என்ற அர்த்தத்தில் சபையில் பேசிவிட்டார். அரசுக்கு மூக்கில் வேர்த்தது. நீதிபதி பெய்ல்ஹாஷ் தலைமையில் விசாரணைக் குழு போட்டார்கள். குற்றச்சாட்டுப் பட்டியலில் ஆர்தரின் சாவும் இருந்தது. ஆகஸ்டில் வந்த இடைக்கால அறிக்கை, ஒட்டுப்போட்ட இறக்கைக் கதையை ஒதுக்கித் தள்ளியது. அப்படியானால் தப்பு யாருடையது? பறந்தவருடையது என்றுதானே படிப்பவர்கள் எடுத்துக்கொள்வார்கள்? செத்தவர் வந்து சாட்சி சொல்லவா போகிறார் என்று நினைத்திருக்கலாம்.

வந்தார் என்கிறது கதை.

முதலில் பார்த்தவர் மேஜர் சிரில் ஃபோகின். மெஸ்ஸை நோக்கித் தனக்கு முன்னால் பறக்கும் உடையில் ஒருவர் நடந்து போவதையும், வாசல் வரை போய்க் கரைந்துவிடுவதையும் அவர் பலமுறை கண்டாராம். பைத்தியம் என்பார்களே என்று வாய் திறக்கவில்லை. பிறகு இன்னொரு அதிகாரி நள்ளிரவில் விழித்து, கணப்புக்குப் பக்கத்து நாற்காலியில் யாரோ உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, யாரது என்று கேட்டபோது நாற்காலி காலியாக இருந்திருக்கிறது. ஒரே அறையில் தூங்கிய இருவர் ஒரே நேரத்தில் திடுக்கிட்டு எழுந்து, மூன்றாவது ஆள் உள்ளே இருப்பதாக உணர்ந்தார்கள். மெஸ்ஸில் மெல்லப் பேச்சு பரவியது. ‘ஐரிஷ் ஆவி’ என்று பெயரும் விழுந்தது. அது ஏன் வருகிறது என்று மான்ட்ரோஸில் யாரும் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

ஆண்டு முடியும் வேளையில் பெய்ல்ஹாஷ் குழுவின் இறுதி அறிக்கை வந்தது. விமானம் தற்செயலாகச் சேதமடைந்து, சேதப்படுத்தியவர் பிடிபடாமல் தப்பிக்கத் தெரிந்தவரை ஒட்டிவைத்திருக்கலாம் என்று அது ஒப்புக்கொண்டது. ஆர்தர்மேல் இருந்த பழி நீங்கியது. ஆவியும் விடைபெற்றது.

கதையைச் சொன்னவர் யார்?

இவ்வளவு கச்சிதமாக ஒரு பேய்க் கதை அமைந்தால் சந்தேகம் வர வேண்டும். இதை அச்சில் விரிவாக எழுதியவர் ‘தி ஏரோபிளேன்’ வார இதழின் ஆசிரியர் சி.ஜி. கிரே. எழுதியது 1920-இல், அதாவது பார்த்ததாகச் சொல்லப்பட்ட நாட்களுக்கு நான்காண்டு கழித்து. கிரே சாதாரண நிருபர் இல்லை. அரசின் ராயல் ஏர்கிராஃப்ட் ஃபேக்டரிக்கு அவர் பரம விரோதி. தனியார் கம்பெனிகளை நசுக்கி, பழைய ரக பி.இ. விமானங்களைத் திணித்து இளைஞர்களைச் சாகடிக்கிறது என்று அந்த ஃபேக்டரியை ஆண்டுக் கணக்கில் வறுத்தெடுத்தவர். ஆர்தர் விழுந்ததும் அதே பி.இ. வரிசை விமானத்திலிருந்துதான். கிரேவின் கட்சிக்கு இதைவிடச் சிறந்த சாட்சி கிடைக்காது. அதற்காக அவர் கட்டிவிட்டார் என்று சொல்லிவிட முடியாது. மெஸ்ஸில் ஏதோ பேச்சு உலவியிருக்கும். அதற்கு ஆரம்பம், நடு, முடிவு கொடுத்து, அறிக்கைத் தேதிகளோடு பொருத்தித் தந்தது ஒரு கைதேர்ந்த பத்திரிகையாளரின் பேனா என்றே தோன்றுகிறது.

அந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்பதை ஊகிக்கக் கஷ்டமில்லை. மெஸ்ஸில் இருந்தவர்கள் அத்தனை பேரும் தினமும் காலையில் அதே மாதிரி மரச்சட்டத்தையும் துணியையும் நம்பி மேலே போகிறவர்கள். துணிக்கு அடியில் என்ன இருக்கிறது என்று அவர்களுக்கும் தெரியாது. செத்த பிறகு, தப்பு உன்னுடையதுதான் என்று அரசு எழுதிவிடும் என்பதையும் இப்போது கண்ணால் பார்த்துவிட்டார்கள். மேலதிகாரியிடம் போய்க் கேட்க முடியாத கேள்வியைப் பேயின் வாயில் போட்டுக் கேட்டிருக்கிறார்கள். நம்மூரில் அநியாயமாகச் செத்தவரைச் சாமியாக்கிக் கும்பிடும் வழக்கம் தெரிந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

இரண்டாம் உலகப் போரில் இந்த வேலையைக் குட்டிச்சாத்தான் ஒன்றிடம் ஒப்படைத்தார்கள். நேற்று ஒழுங்காக ஓடிய என்ஜின் இன்று இருமுகிறதா, ரேடியோ ஊமையாகிவிட்டதா, எல்லாம் ‘கிரெம்லின்’ வேலை என்பது விமானப் படைப் பேச்சு. தானே போர் விமானியாக இருந்து லிபியப் பாலைவனத்தில் விழுந்து பிழைத்த ரோல்ட் டால், 1943-இல் அதை வைத்தே சிறுவர் நூல் ஒன்று எழுதினார். பழுதுக்கு மெக்கானிக்கைக் குற்றம் சொன்னால் சண்டை வரும். கிரெம்லினைச் சொன்னால் சிரிப்பு வரும். விமானப் பராமரிப்பில் இன்று ஒரு ஆணியை மாற்றினாலும் யார் மாற்றினார், யார் சரிபார்த்தார் என்று பதிவேட்டில் கையெழுத்து இருக்க வேண்டும். கிரெம்லினுக்கு வேலை போனதில் அந்தப் பதிவேட்டுக்குப் பங்கு உண்டு.

மின்சாரம் இல்லாமல் பாடிய ரேடியோ

மான்ட்ரோஸ் மறுபடியும் பயிற்சித் தளமானது 1936-இல். 1940-இல் ஸ்பிட்ஃபயர் படையணியின் ஒரு பிரிவும் அங்கே இருந்தது. போர் விமானிகளின் வாழ்க்கையைச் சொல்லும் பெயர் பெற்ற நூலை எழுதிய ரிச்சர்ட் ஹில்லரி அந்தப் பிரிவில் இருந்தவர். அதே ஆண்டு அக்டோபரில் ஜெர்மன் ஹைங்கல் விமானங்கள் தளத்தின்மீது குண்டு போட்டன.

அந்தக் காலத்துக் கதை ஒன்று உண்டு. எதிரி விமானத்தைத் தேடி இரவில் போன ஹரிக்கேன் விமானி திரும்பி வந்து தரையைத் தொடும் கடைசி நொடியில் திடீரென்று என்ஜினை முடுக்கி மேலே எழும்பினார். இன்னொரு சுற்று வந்து இறங்கியவர், இரட்டை இறக்கை விமானத்தைக் குறுக்கே விட்ட முட்டாள் யார் என்று கத்தினாராம். அன்றிரவு வேறு விமானம் எதுவும் மேலே போயிருக்கவில்லை. பல மணி நேரம் இருட்டை வெறித்துப் பார்த்துக் களைத்த கண்கள், விளக்கணைத்த ஓடுபாதை, பத்துப் பதினைந்து நொடிக்குள் எடுக்க வேண்டிய முடிவு. இல்லாததைக் காண இது போதும். ஆனாலும் அந்த விமானி கண்டது தெருநாயையோ லாரியையோ அல்ல, இரட்டை இறக்கை விமானத்தை. அந்தத் தளத்தில் எல்லோருடைய மனத்திலும் அது ஏற்கெனவே பறந்துகொண்டிருந்தது.

1950-களின் தொடக்கத்தில் தளம் மூடப்பட்டது. இப்போது அங்கே உள்ளூர் ஆர்வலர்கள் நடத்தும் அருங்காட்சியகம் இருக்கிறது. 1940-களின் அறைபோல அமைத்த ஓர் இடத்தில் பை கம்பெனியின் பழைய வால்வு ரேடியோவை வைத்திருந்தார்கள். சுமார் 2010-இல் அதிலிருந்து கிளென் மில்லரின் இசையும் சர்ச்சிலின் பேச்சும் வருவதாகத் தொண்டர்கள் சொல்ல, பத்திரிகைகளில் செய்தி ஆனது. மின் இணைப்பே கிடையாது. பின்பக்கத்தைத் திறந்து பார்த்தால் சிலந்தி வலைதான் இருந்தது என்றார்கள். யாராவது விளையாடினார்களா, பக்கத்து அறைச் சத்தமா என்ற கேள்விகள் அப்படியே நிற்கின்றன. ஒன்றை மட்டும் கவனிக்கலாம். அது பாடியது மில்லர், பேசியது சர்ச்சில். அந்தக் கால ரேடியோ நாள் முழுக்கச் சொன்ன மீன் விலையும் வானிலையும் யார் காதிலும் விழவில்லை. பேய்களுக்கும் அருங்காட்சியகக் காப்பாளருக்கும் ரசனை ஒன்றாகவே இருக்கிறது!

வருங்காலத்தைப் பார்த்த விமானி

மான்ட்ரோஸுக்குத் தெற்கே, எடின்பரோ அருகில் ட்ரெம் என்ற தளம். இங்கே வந்தது செத்தவரின் ஆவி இல்லை, இன்னும் நடக்காத காலத்தின் ஆவி. 1935-இல் விக்டர் காடர்ட் என்ற விமானப் படை அதிகாரி ஹாக்கர் ஹார்ட் விமானத்தில் அந்தப் பக்கம் பறந்தார். முதல் உலகப் போரோடு கைவிடப்பட்ட ட்ரெம், அப்போது மாடு மேயும் நிலம். கடும் மழையில் விமானம் கட்டுப்பாடு இழந்து சுழன்று, மயிரிழையில் தப்பி ட்ரெம் மேலே வந்தபோது வெயில் பளிச்சென்று அடித்ததாம். கீழே புதுக் கொட்டகைகள். மஞ்சள் வர்ணம் பூசிய விமானங்கள், அதில் ஒன்று அவர் அறியாத ஒற்றை இறக்கை விமானம். நீல உடை மெக்கானிக்குகள். அன்று பயிற்சி விமானங்கள் மஞ்சளும் இல்லை, மெக்கானிக்குகளின் உடை நீலமும் இல்லை. 1939 வாக்கில் இரண்டும் அப்படி ஆயின, ட்ரெம்மும் திறக்கப்பட்டது.

காடர்ட் பொறுப்பில்லாத ஆள் அல்ல. ஏர் மார்ஷலாக உயர்ந்தவர், போரின்போது நியூசிலாந்து விமானப் படைக்குத் தலைமை தாங்கியவர். சிக்கல் வேறு இடத்தில். 1939-க்கு முன்பே தேதியிட்டு எழுதிய காகிதம் ஏதும் நம் முன்னால் இல்லை. அவர் நூலாக எழுதியது 1975-இல், நாற்பது ஆண்டு கழித்து. நடந்து முடிந்ததைத் தெரிந்துகொண்ட மனம், பழைய காட்சிக்குப் புது வர்ணம் அடிப்பது வழக்கம். அதே நூலில் அவர் வெளியிட்ட 1919-ஆம் ஆண்டுக் குழுப் படத்தில், இரண்டு நாள் முன்பு சுழல்விசிறி அடித்து இறந்த ஃப்ரெடி ஜாக்சன் என்ற மெக்கானிக்கின் முகம் இன்னொருவர் காதுக்குப் பின்னால் மங்கலாகத் தெரிவதாகச் சொல்கிறார்கள். ஆவி ஆராய்ச்சிப் புத்தகங்கள் அத்தனையிலும் அந்தப் படம் இடம்பிடித்துவிட்டது. காடர்ட் பெயர் சொன்னால் அந்தப் படம்தான் நினைவுக்கு வருகிறது. ட்ரெம் தளத்துக்கு விமான வரலாற்றில் இருக்கும் நிஜப் பெருமை, ஸ்பிட்ஃபயர் இரவில் பத்திரமாக இறங்க அங்கே உருவாக்கிய ஓடுபாதை விளக்கு அமைப்பு. அது பேயளவுக்குப் பிரபலம் ஆகவில்லை.

மற்ற தளங்களின் கதைகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. நார்ஃபோக்கில் பர்ச்சம் நியூட்டன் தளத்தை, 1960-களில் விமானப் படை காலி செய்த பிறகு கட்டுமானத் தொழிலாளர் பயிற்சி மையம் ஆக்கினார்கள். அங்கிருந்த ஸ்குவாஷ் அரங்கில் ஆடப் போனவர்கள் பார்வையாளர் மாடத்தில் காலடிச் சத்தம் கேட்டதாகவும், சீருடைக்காரர் நிற்பதைக் கண்டதாகவும் சொன்னார்கள். டேப் ரெக்கார்டர் வைத்து ஒலி பிடித்தார்கள். நாலு பக்கமும் வழவழப்பான சுவர், உயரக் கூரை. ஒரு பந்து விழுந்தாலே ஊரைக் கூட்டும் அறை அது.

காஸ்ஃபர்ட் அருங்காட்சியகத்தில் நின்றிருந்த லிங்கன் ரகக் குண்டுவீச்சு விமானத்தின் கதை இன்னும் சுவையானது. பூட்டிய விமானத்துக்குள் விசில் சத்தம், சுவிட்சைத் தட்டும் ஒலி, விமானி இருக்கையில் ஓர் உருவம். போரில் இறந்த விமானி தன் விமானத்தைத் தேடி வருகிறார் என்று பலர் உருகினார்கள். அந்த விமானம் ஜப்பான் சரணடைந்த பிறகு தயாராகி வந்தது. உலகப் போரில் அது ஒரு குண்டுகூடப் போட்டதில்லை. பகலில் சூடேறிய அலுமினியத் தகடு இரவில் குளிர்ந்து சுருங்கும்போது டிக் டிக் என்று ஒலிக்கும் என்பது எந்த மெக்கானிக்குக்கும் தெரியும்.

விஞ்ஞானத்தின் பக்கத்திலிருந்து அதிகம் பேசப்பட்ட விளக்கம் விக் டேண்டி என்ற பொறியாளருடையது. இங்கிலாந்தின் கவன்ட்ரியில் அவர் வேலை செய்த ஆய்வுக்கூடத்தில் இரவில் உடல் சில்லிடும், கண்ணோரத்தில் சாம்பல் நிற உருவம் தெரியும். ஒருநாள் வாள் போட்டிக்குத் தயார் செய்ய, இடுக்கியில் மாட்டிவைத்த அவரது வாள் தானாக அதிர ஆரம்பித்தது. தேடிப் பார்த்தால், புதிதாக மாட்டிய காற்றுப் போக்கி விசிறி, காதுக்குக் கேட்காத சுமார் 19 ஹெர்ட்ஸ் அதிர்வை அறை முழுக்க நிரப்பிக்கொண்டிருந்தது. விசிறியைச் சரிசெய்ததும் உருவம் போயிற்று. 1998-இல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார். பிறகு செய்த சோதனைகள் எல்லாம் அவரை ஆமோதிக்கவில்லை. இருந்தாலும், காற்று புகுந்து புறப்படும் பெரிய கொட்டகையில் தகரமும் கண்ணாடியும் அதிர்ந்தபடி இருக்க, இரவில் தனியே நிற்பவருக்கு உடம்பு சிலிர்ப்பதில் வியப்பில்லை.

இதெல்லாம் சத்தத்துக்கும் நிழலுக்கும் பதில். ஏன் விமானத் தளத்தில் இவ்வளவு பேய் என்ற கேள்விக்குப் பதில் கணக்கில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் குண்டுவீச்சுப் படைப் பிரிவில் பறந்தவர்கள் சுமார் 1,25,000 பேர். இறந்தவர்கள் 55,573. சராசரி வயது இருபத்திரண்டு சொச்சம். எதிரியைப் பார்க்காமலே, பயிற்சியிலும் விபத்திலும் மாண்டவர்கள் மட்டும் 8,000-க்கு மேல். லிங்கன்ஷயர் என்ற ஒற்றை மாவட்டத்தில் கிட்டத்தட்ட 50 தளங்கள் இருந்தன. மாலையில் மெஸ்ஸில் சேர்ந்து சாப்பிட்ட ஒரே விமானத்தின் ஏழு பேர் காலை உணவுக்கு வரமாட்டார்கள். பிணமும் வராது, பலருக்குப் புதைக்க எதுவும் மிஞ்சவில்லை. இறந்தார்களா, பிடிபட்டார்களா என்பதும் மாதக்கணக்கில் தெரியாது. அதற்குள் ஆட்கள் வந்து கட்டிலில் கிடந்த கடிதம், சட்டை, சீப்பு எல்லாவற்றையும் எடுத்துப் பட்டியல் போட்டுக் கட்டி அனுப்பிவிடுவார்கள். வீட்டாருக்குச் சங்கடம் தரும் கடிதம் இருந்தால் அதை மட்டும் உருவிவிடுவதும் உண்டு. சாயங்காலம் அதே கட்டிலுக்குப் புதுப் பையன் வருவான். எழவு கூட்டவோ அழவோ நேரம் இல்லாமல் நடந்த சாவுகள் இவை.

லிங்கன்ஷயரின் ஈஸ்ட் கிர்க்பி தளத்துக் கட்டுப்பாட்டுக் கோபுரத்திலும் ஆவி உலவுவதாகச் சொல்வார்கள். அந்த இடத்தை வாங்கி அருங்காட்சியகம் ஆக்கியவர்கள் ஃப்ரெட், ஹரால்ட் பாண்டன் என்ற விவசாயச் சகோதரர்கள். அவர்களுடைய அண்ணன் கிறிஸ்டஃபர், 1944 மார்ச் 30 இரவு நியூரம்பெர்க் தாக்குதலுக்குப் போய்த் திரும்பாதவர். வயது 19. அந்த ஒரே இரவில் 95 விமானங்கள் திரும்பவில்லை. அண்ணன் நினைவாக 1983-இல் ஒரு லான்காஸ்டர் விமானத்தை வாங்கினார்கள். கிழக்கு ஆசியப் போருக்கென்று 1945-இல் கட்டப்பட்டு, சண்டைக்கே போகாமல் பிரெஞ்சுக் கடற்படைக்கு விற்கப்பட்டு, பசிபிக் தீவு வரை சுற்றி வந்த விமானம் அது. இப்போது கோடையில் அதன் நான்கு மெர்லின் என்ஜின்களையும் முடுக்கி, கட்டணம் கொடுத்தவர்களை ஏற்றிக்கொண்டு புல்தரையில் ஓட்டிக் காட்டுகிறார்கள். குளிர்காலத்தில் பகுதி பகுதியாகக் கழற்றி, மறுபடியும் பறக்கவைக்கும் வேலை நடக்கிறது.